ஹெல்மெட்டுக்குள் கேட்கும் சத்தம்: சைலன்சர், காற்று, காது பற்றி ஓர் எளிய விளக்கம்

ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு டீக்கடையில் காதில் விழுந்த பேச்சு இது. புல்லட்டை ஓரம் கட்டிய தம்பி ஒருவர் முதலில் சொன்னார்: “ஹெல்மெட் போட்டா பின்னாடி வர்ற லாரி ஹாரனே கேக்க மாட்டேங்குதுண்ணா.” டம்ளர் பாதி காலியாவதற்குள் அவரே இன்னொன்றும் சொன்னார்: “சைலன்சர்ல சவுண்டு இருந்தாதான் கார்க்காரன் ஒதுங்குவான்.”

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலையில் கவிழ்த்த கூடு ஒன்று லாரி ஹாரனையே மறைத்துவிடுமாம். ஆனால் நான்கு கண்ணாடியையும் ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் ஓடுகிற காருக்குள் இவருடைய சைலன்சர் சத்தம் மட்டும் தவறாமல் போய்ச் சேருமாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு 11 வருடம் பைக்கில் வேலைக்குப் போய்வந்தவன் நான். ராத்திரி ஃபேனை நிறுத்தினால் காதுக்குள் சில்வண்டு கத்துவது போல ஒரு சத்தம் நிற்காமல் கேட்கத் தொடங்கிய பிறகுதான் காது டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன வேகத்துல போவீங்க?” என்பது. “ஹெல்மெட் போட்டுதான் சார் போவேன்” என்றேன். “அது தலைக்கு. நான் காதைக் கேக்கறேன்” என்றார்.

அன்றிலிருந்து தேடிப் படித்துப் புரிந்துகொண்டதை, எதுவும் தெரியாதவருக்குச் சொல்வது போல இங்கே எழுதுகிறேன்.

டெசிபெல்: பூஜ்ஜியங்களை எண்ணும் கணக்கு

சத்தத்தின் வலிமையைச் சொல்லும் அலகு டெசிபெல். இதைக் கிலோ, லிட்டர் போல நினைப்பதுதான் முதல் தவறு. 80 டெசிபெல் சத்தம் போடும் பைக் ஒன்று நிற்கிறது. அதே மாதிரி இன்னொன்றையும் பக்கத்தில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தால் மொத்தம் 160 ஆகாது, 83தான் ஆகும்.

டெசிபெல் கணக்கில் எண்ணுவது பூஜ்ஜியங்களை. பத்து ரூபாய், நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் என்று நோட்டில் ஒவ்வொரு பூஜ்ஜியம் கூடும்போதும் மதிப்பு பத்து மடங்காகிறது அல்லவா? அதேபோல, டெசிபெல் ஒவ்வொரு பத்து ஏறும்போதும் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்காகிறது. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபெல். 70 என்றால் அதைப் போல 10 மடங்கு, 80 என்றால் 100 மடங்கு, 90 என்றால் 1000 மடங்கு. வெறும் 3 டெசிபெல் ஏறினாலே ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். முன்னே சொன்ன இரண்டு பைக்குகள் 83-இல் நின்றது அதனால்தான்.

இங்கே காது நம்மை ஒரு வகையில் ஏமாற்றுகிறது. பத்து டெசிபெல் ஏறினால் ஆற்றல் பத்து மடங்கு ஆனாலும், காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் தோன்றும். அப்படியானால் 60-லிருந்து 90-க்கு ஏறும்போது நமக்குத் தெரிவது எட்டு மடங்கு; உள்ளே போய் இடிப்பது ஆயிரம் மடங்கு. “இதெல்லாம் ஒரு சவுண்டா?” என்று கேட்கிறவரின் காதும் அந்த ஆயிரத்தைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அளவுக்கு அடுத்தது நேரம். காதுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ரேஷன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் நியாஷ் என்ற அமெரிக்க அரசு நிறுவனம் சொல்லும் அளவு இது: 85 டெசிபெலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் ஒரே மணி நேரம். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடத்தில் அன்றைய ரேஷன் தீர்ந்துவிடும். இந்த 15 நிமிடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: பத்து டெசிபெல் என்பது ஒரு பூஜ்ஜியம். காது அதைக் குறைத்தே காட்டும். சத்தத்தின் அளவும் அதில் இருக்கும் நேரமும் சேர்ந்துதான் கேடு.

காதுக்குள் எங்கே அடி விழுகிறது?

காதின் உட்பகுதியில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஒரு சிறு குழாய் உண்டு. அதற்குள் வரிசை வரிசையாக நிற்பவை மயிர்ச்செல்கள்: அதிர்வை வாங்கி நரம்புக்குச் செய்தியாக மாற்றித் தருபவை. ஒரு காதில் ஏறக்குறைய 15,000 இருக்கும். மனிதருக்கு இவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

பாகூர் ஏரிக்கரைப் புல்லில் ஒருவர் நடந்து போனால் புல் சாயும், சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடும். சத்தமான கல்யாண ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்தால் ஒரு ராத்திரி காது மந்தமாக இருந்து காலையில் சரியாகிறதே, அது இந்த ரகம். ஆனால் தினமும் அதே இடத்தில் நடந்தால் அங்கே ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். பிறகு மழை பெய்தாலும் புல் வராது. தினசரிப் பைக் பயணம் இந்த இரண்டாவது ரகம்.

பாதை முதலில் விழும் இடம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்ற கணக்கு. எண் கூடினால் கீச்சுக் குரல், குறைந்தால் கட்டைக் குரல். ச, ஸ போன்ற எழுத்துகளின் கூர்மை மேல்பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் காது போகத் தொடங்கியவர் “கேக்கல” என்று சொல்ல மாட்டார். “கேக்குது, என்ன சொல்றீங்கன்னு புரியல, கொஞ்சம் தெளிவாப் பேசுங்க” என்று எதிராளியைக் குறை சொல்வார். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் இந்தச் சண்டை நடந்தது.

சைலன்சருக்குள் என்ன நடக்கிறது?

குக்கரில் விசில் வரும்போது வெயிட்டை மெல்லத் தூக்கினால் ‘உஸ்’ என்று ஆவி போகும். சட்டென்று முழுவதும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சமையல்கட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். இன்ஜினில் நடப்பது இந்த இரண்டாவது வகை. பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளி முடித்த பிறகும் உள்ளே இருக்கும் வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும். வால்வு திறந்ததும் அது ஒரே அடியாக வெளியே பாயும். அந்த ஒரு அடிதான் ஒரு ‘டப்’.

ஒற்றைச் சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு ‘டப்’. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் விநாடிக்கு 25 ‘டப்’. அதாவது அடித்தொனி 25 ஹெர்ட்ஸ், மிகக் கட்டையான ஒலி. அதன் மேல் அதன் மடங்குகளான பல ஒலிகள் ஏறி உட்கார்ந்துதான் நமக்குத் தெரிந்த வண்டிச் சத்தம் பிறக்கிறது. புல்லட் சும்மா நிற்கும்போது ‘டுக்கு டுக்கு’ என்று ஒவ்வொன்றாக எண்ண முடிவதற்குக் காரணம், அப்போது விநாடிக்கு எட்டோ ஒன்பதோதான் வருகின்றன என்பதே.

சைலன்சரின் வேலை இந்த அடிகளை உடைப்பது. இரண்டு வழியில் செய்கிறது.

புதுச்சேரி ராக் பீச்சில் கொட்டிவைத்திருக்கும் கருங்கற்களைப் பார்த்திருப்பீர்கள். பெரிய அலை வந்து மோதும். கற்களின் இடுக்கில் புகுந்து, திரும்பி, அடுத்து வரும் அலையோடு முட்டிக்கொண்டு சலசலப்பாக முடிந்துவிடும். கம்பெனி சைலன்சருக்குள் தகடுகளால் தடுத்த அறைகளும் துளையிட்ட குழாய்களும் இருக்கும். அழுத்த அலை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போது அதில் ஒரு பகுதி திரும்பி வந்து, பின்னால் வரும் அலையோடு மோதித் தணிகிறது. இது முதல் வழி.

இரண்டாவது வழி உறிஞ்சுவது. வீடு காலி செய்யும்போது வெற்று அறையில் பேசினால் எதிரொலிக்கும். மெத்தையும் துணிமூட்டையும் வந்து சேர்ந்ததும் அது அடங்கிவிடும். அதேபோலத் துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சைத் திணித்தால், ஒலி அந்த இழைகளுக்குள் புகுந்து உராய்ந்து வெப்பமாக மாறிவிடும்.

கடையில் ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்று மாட்டிவிடுவது பெரும்பாலும் அறைகளே இல்லாத நேர்க்குழாய். மலிவானதாக இருந்தால் உள்ளே இருக்கும் பஞ்சும் சில மாதங்களில் பறந்துவிடும். கற்களை அள்ளிவிட்ட கடற்கரை மாதிரி.

“பவர் ஏறுமே” என்பார்கள். ரேஸ் வண்டியில், இன்ஜின் உச்சச் சுற்றில் ஓடும்போது, பெட்ரோல் அளவையும் அதற்கேற்ப மாற்றி அமைத்தால் கொஞ்சம் ஏறும், உண்மைதான். அண்ணா சாலையில் மூன்றாவது கியரில் போகிற வண்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. குழாயின் நீளமும் அகலமும் திரும்பி வரும் அலையைச் சரியான நேரத்தில் வால்வுக்குக் கொண்டுவரும்படி கம்பெனியில் அமைக்கப்பட்டவை. அதைக் கெடுத்தால் நாம் அதிகம் ஓட்டுகிற குறைந்த சுற்றில் இழுவை குறையவும் கூடும். சத்தம் கூடியதால் பவர் கூடியதாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான். ஆக்ஸிலேட்டரைக் குறைக்கும்போது ‘பட் பட்’ என்று பட்டாசு வெடிப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். இன்ஜினுக்குள் எரியாமல் தப்பிய பெட்ரோல் சூடான குழாயில் எரிவதுதான் அது. ஒவ்வொரு வெடியும் பிஸ்டனைத் தள்ளாமலே வீணாய்ப் போன பெட்ரோல்.

இன்னொன்று. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. இந்த வண்டிகளின் புகைவழியில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்ற தேன்கூடு போன்ற பாகம் இருக்கும். முழுக் குழாயையும் மாற்றும்போது அதுவும் போய்விடும். அதில் பிளாட்டினம் வகை விலையுயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கும். அதனால் “பழசை நானே வெச்சுக்கறேன் தம்பி” என்று யாராவது தாராளமாகச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

சட்டம் பற்றி இரண்டே வரி. கம்பெனியிலிருந்து வெளிவரும்போது இருசக்கர வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சத்தம் 80 சிசி வரை 75 டெசிபெல், 80 முதல் 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. சத்தமோ புகையோ விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை என்று இருக்கிறது. லைசென்சும் மூன்று மாதம் போகும்.

குருசுக்குப்பம் மாதிரி இரண்டு பக்கமும் சுவர் நெருங்கிய தெருக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். ஒடுங்கிய தெருவில் சுவர்கள் அதைத் திருப்பித் திருப்பி அடிப்பதால் அவ்வளவு குறையாது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் விதிப்படி இருக்க வேண்டிய அளவு 45 டெசிபெல். ஒரே ஒரு வண்டி போதும், அந்தத் தெருவில் தூங்க வைத்த குழந்தைகளையெல்லாம் எழுப்பிவிட.

சத்தம் போட்டால் ஒதுங்குவார்களா?

சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கிறது. சத்தத்தின் பெரும்பங்கு நாம் கடந்துவிட்டவர்களுக்குத்தான் போகிறது. ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை நேரில் ஆராய்ந்து ஹாரி ஹர்ட் குழுவினர் 1981-இல் வெளியிட்ட அறிக்கை இதில் பெயர் பெற்றது. முக்கால்வாசிக்கும் மேற்பட்ட ஆபத்துகள் ஓட்டுநரின் நேர் எதிரே, இருபுறமும் 45 டிகிரிக்குள் இருந்தே வந்தன என்றது அது. எதிரே வந்து குறுக்கே திரும்புகிற கார்தான் பெரிய எதிரி. அவருக்கு நம் சத்தம் கேட்பதற்கு முன்பே விஷயம் முடிந்துவிடும்.

கட்டைச் சத்தம் காருக்குள் கொஞ்சம் நுழையும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மூடிய காருக்குள் அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்தறிவது கடினம். எங்கோ ஒரு பைக் என்று தெரியும். இடமா வலமா என்று தெரியாது. கண்ணில் படுவதுதான் உதவும். 2017 ஏப்ரல் 1 முதல் இருசக்கர வண்டிகளில் முன்விளக்கு எப்போதும் எரியும்படி செய்ததும் அதற்காகத்தான்.

ஹெல்மெட்டுக்குள் ஒரு தானே புயல்

2011 டிசம்பர் 30 விடியற்காலையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கதவை எல்லாம் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஜன்னல் இடுக்குகளில் காற்று போட்ட ஊளை இன்னும் காதில் இருக்கிறது. தானே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருந்தது. இப்போது யோசியுங்கள். காற்றே இல்லாத நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 100-இல் போகிறீர்கள். உங்கள் தலையைப் பொறுத்தவரை அடிப்பது கிட்டத்தட்ட அந்தக் காற்றுதான். ஹெல்மெட்தான் வீடு, அதன் இடுக்குகள்தான் ஜன்னல்.

கெடிலத்தில் வெள்ளம் போகும்போது பாலத்துத் தூண்களைப் பாருங்கள். தூணுக்கு முன்னால் நீர் ஒழுங்காக வரும்; பின்னால் சுழிகளாக உடையும். காற்றும் ஹெல்மெட்டைச் சுற்றி வந்து இப்படித்தான் உடைகிறது, முக்கியமாக மோவாய்க்குக் கீழே, கழுத்துத் திறப்பை ஒட்டி. அந்தச் சுழிகளின் இரைச்சல் திறப்பு வழியாக நேரே காதருகே ஏறுகிறது. வைசர் என்ற முகக் கண்ணாடி சரியாகப் பொருந்தாத இடுக்கும் காற்றுத் துளைகளும் சோடா பாட்டில் வாயில் ஊதுவது போல விசிலடிக்கும். வண்டியின் முன்னால் மாட்டும் சிறிய கண்ணாடித் தடுப்பும் சில சமயம் சரியாக ஹெல்மெட்டின் உயரத்துக்குச் சுழிகளை அனுப்பி நிலைமையை மோசமாக்கும்.

எவ்வளவு சத்தம்? 60-இல் போகும்போதே காதருகே 90 டெசிபெலை ஒட்டி வரும். 100-இல் போனால் 100 டெசிபெலை நெருங்கும். வேகம் இரட்டிப்பானால் காற்றுச் சத்தம் சுமார் 15 டெசிபெல் ஏறும். அதாவது முப்பது மடங்கு ஆற்றல்.

அந்த 15 நிமிடம் நினைவிருக்கிறதா? சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் விரட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு வரும் சனிக்கிழமைக் கூட்டம், மாமல்லபுரத்தைத் தாண்டும்போதே அன்றைய ரேஷனை முடித்திருக்கும். கடலூர்–புதுச்சேரி தினசரிப் பயணிகளுக்கு இருபதுக்கு மேல் கிலோமீட்டர் தூரம். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். வேகம் கட்டுக்குள் இருந்தால் ரேஷனுக்குள் தப்பலாம். என் கதையில் அது கட்டுக்குள் இல்லை.

கம்பெனி சைலன்சர் உள்ள வண்டியில், வேகம் ஏறக்குறைய 65-ஐத் தாண்டியதும் காற்றுச் சத்தம் இன்ஜின் சத்தத்தை விழுங்கிவிடும். மாற்றிய சைலன்சர் என்றால் ஊருக்குள் சைலன்சர், ஊருக்கு வெளியே காற்று என்று இரண்டு பக்கமும் அடி.

“ஆனால் ஹெல்மெட் சத்தத்தைத் தடுக்குமே?” கொஞ்சம், அதுவும் கீச்சு ஒலிகளை மட்டும். எதிர் வீட்டில் கல்யாண ஸ்பீக்கர் வைத்தால் கதவைச் சாத்திய பிறகும் ‘டும் டும்’ மட்டும் கேட்டுக்கொண்டே இருக்குமே, பாட்டு வரிகள் அடங்கிவிடும். கட்டைச் சத்தத்தை நிறுத்தக் கனமான சுவரும் இடுக்கில்லாத அடைப்பும் வேண்டும். ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது தெர்மோகோல் போன்ற நுரை. அடி விழும்போது நசுங்கி, மண்டைக்குப் போகும் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்வதற்காக வைத்தது. கீழேயோ முழுவதும் திறந்திருக்கிறது. சைலன்சரின் கட்டைச் சத்தம் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது.

சுருக்கமாக: வேகமாகப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் பெரிய சத்தம் காற்றுதான். அது நுழைவது கழுத்துப் பக்கம்.

அப்படியானால் ஹாரன் கேட்குமா?

கேட்கும். வெயிலில் கறுப்புக் கண்ணாடி போட்டால் வெளிச்சம் குறைகிறது. ஆனால் பஸ்ஸின் ஊர்ப் பலகையைப் படிக்க முடிகிறதா இல்லையா? எழுத்தும் பின்னணியும் ஒரே அளவில் மங்குவதால் வித்தியாசம் அப்படியே நிற்கிறது. ஹெல்மெட்டும் ஹாரனையும் சுற்றுச் சத்தத்தையும் சேர்த்தே குறைக்கிறது. ஹர்ட் அறிக்கையும் சாலையில் கேட்க வேண்டிய ஒலிகளை ஹெல்மெட் மறைக்கவில்லை என்றே சொன்னது. ஹாரனை உண்மையில் மறைப்பவை இரண்டு: தொளதொள ஹெல்மெட்டில் கூடுதலாக எழும் காற்று இரைச்சல், அப்புறம் நாமே மாட்டிக்கொண்ட சைலன்சர்.

ஹெல்மெட்டை வேண்டாம் என்று சொல்ல இந்தக் காரணத்தைத்தான் நம் பக்கம் அதிகம் கேட்கலாம். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் கட்டாயமானது. புதுச்சேரியிலோ 2019 பிப்ரவரியில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் விவகாரமும் ஒரு காரணமாகி, முதலமைச்சரே ஆளுநர் மாளிகை வாசலில் தர்ணா உட்கார்ந்தார். கன்னியக்கோவிலில் எல்லை வந்ததும் கழற்றிக் கையில் மாட்டுவதும், திரும்பும்போது தலையில் ஏற்றுவதுமாக எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! எல்லை தாண்டினால் தார்ச்சாலை மெத்தையாகிவிடுமா என்ன. உலக ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட கணக்குப்படி, ஹெல்மெட் சாவை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது. காது பற்றி இவ்வளவு எழுதினாலும் என் வாக்கு முதலில் தலைக்குத்தான்.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

பலர் முதலில் பார்ப்பது நிறமும் ஸ்டிக்கரும். நான் முதலில் பார்க்கச் சொல்வது அளவு. புருவத்துக்கு ஓர் அங்குலம் மேலே தையல்காரர் டேப்பால் தலையைச் சுற்றி அளந்து கொள்ளுங்கள். அந்த சென்டிமீட்டர்தான் உங்கள் அளவு. புது ஹெல்மெட் போட்டதும் கன்னம் இரண்டும் உள்ளே அழுந்தி, குலோப்ஜாமூன் வாயில் வைத்த மாதிரி இருக்க வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் தோலும் சேர்ந்து நகர வேண்டும். தலை தனியாக, ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. பட்டையை மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து யாரையாவது மேலே தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கமாகக் கழன்று வந்தால் அது உங்களுக்கானது அல்ல. “போகப் போகச் சரியாயிடும் சார்” என்று ஒரு கடையில் எனக்கு ஒரு அளவு பெரியதை விற்றார்கள். இறுக்கமானது போகப் போகக் கொஞ்சம் தளரும். தளர்ந்தது ஒருநாளும் இறுகாது. அந்தத் தொளதொளப்போடு ஆறு வருடம் ஓட்டினேன்.

வகை: பாதி மண்டையை மூடும் சட்டி ஹெல்மெட் காதுக்கும் உதவாது, தாடைக்கும் உதவாது. முகம் திறந்தது அதைவிட மேல். ஆனால் காற்று உள்ளே புகுந்து சுழலும். முழு முகத்தையும் மூடும் ஃபுல் ஃபேஸ்தான் இரண்டு வகையிலும் நல்லது. தாடைப் பகுதியை மேலே தூக்கும் மாடுலர் வகை டீக்கடைக்கு வசதி. கீல் இருக்கும் இடத்தில் இடுக்கு கூடுவதால் பல மாடல்களில் சத்தம் சற்று அதிகம். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் ஃபுல் ஃபேஸ் கொடுமை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்மெத்தையைக் கழற்றித் துவைக்கும்படி உள்ளதை வாங்கினால் பாதிக் கொடுமை தீரும்.

முத்திரை: 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டவிரோதம். முத்திரையின் மேலே ஐஎஸ் 4151 என்ற எண்ணும் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் யாருடையது என்று வந்துவிடும். ரோட்டோரம் கயிற்றில் தொங்குகிற ஹெல்மெட்களில் முத்திரை மட்டும் பளபளவென்று இருக்கும்; எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

சத்தத்துக்காகப் பார்க்க வேண்டியவை மூன்று: கழுத்துப் பக்கம் மெத்தை உருண்டையாகக் கழுத்தை ஒட்டி வருகிறதா, மோவாய்க்குக் கீழே துணித்திரை உண்டா, வைசரைச் சாத்தினால் ரப்பர் முழுவதும் பதிகிறதா. வெளியே கொம்பு, வால் என்று அலங்காரம் ஒட்டியிருந்தால் அதெல்லாம் காற்றுக்கு வாத்தியம்.

எவ்வளவு நல்ல ஹெல்மெட்டும் நெடுஞ்சாலைக் காற்றை முழுவதும் அடக்காது. நீண்ட பயணத்துக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் உதவும். விரலால் மெல்லிய திரியாக உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். சரியாகப் போட்டால் 20 டெசிபெலுக்கு மேல் குறையும். மேலோட்டமாகச் செருகினால் பாதிகூடக் கிடைக்காது. பாட்டுக் கேட்கும் இயர்போன் இதற்கு மாற்று அல்ல. காற்றை மீறிப் பாட்டுக் கேட்க ஒலியை ஏற்றுவோம், ரேஷன் இன்னும் வேகமாகத் தீரும்.

செலவில்லாத ஒரு சோதனை உண்டு. நீங்களே ஓட்டும்போது வேண்டாம். பின்னால் உட்கார்ந்து போகும்போது செய்யுங்கள். வண்டி 60-ஐத் தொட்டதும் ஒரு துண்டைக் கழுத்தில் சுற்றி, ஹெல்மெட்டின் அடிப்பக்க இடைவெளியை அடைத்துப் பாருங்கள். இரைச்சல் உடனே இறங்கும். அப்படியே துண்டை எடுத்தால் திரும்ப ஏறும். என் அக்கா மகனை இப்படித்தான் தவளக்குப்பத்திலிருந்து கன்னியக்கோவில் வரை பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். இறங்கியதும் அவன் கேட்டது ஒன்றுதான்: “மாமா, என் பழைய சைலன்சர் அந்த மெக்கானிக்கிட்ட இன்னும் இருக்குமா?”

இருந்தது. கன்வர்ட்டர் மட்டும் இல்லை.